கடைக் கவுண்டரில் பட்டன்கள்: நீண்டநாள் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட கொமினிகேஷன் கடை வைத்திருப்பவனுக்கு நாள் முழுக்கப் பட்டனோடுதான் வேலை. ரீலோட் போட ஒரு பழைய பட்டன் போன், கரண்ட் பில் கட்ட ஸ்மார்ட் போனில் ஒரு செயலி, மூலையில் போட்டோக்கொப்பி மெசின். மூன்றையும் வருசக்கணக்கில் பாவித்தாயிற்று. கமரா, பற்றரி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பட்டனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பட்டன் போன். இலக்கங்கள் எல்லாம் தேய்ந்துபோய் விட்டன. ஆனாலும் 5இன் மேலுள்ள சின்னப் புடைப்பு பெருவிரலில் தட்டுப்பட்டால் போதும், மற்ற எல்லாம் எங்கே என்று கைக்குத் தெரியும். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே நம்பரை அடித்துவிடலாம். பக்கத்திலேயே கல்குலேட்டர் கிடக்கிறது. அதில் 7 8 9 மேல் வரிசை. போனில் 1 2 3 மேல் வரிசை. 1963இல் அமெரிக்காவில் பட்டன் தொலைபேசி வந்தபோது அப்படி வைத்தது இன்றுவரை மாறவில்லை. கை அந்த இரண்டு ஒழுங்கையும் தனித்தனியாகப் பழகி வைத்திருக்கிறது. யோசித்து அடித்தால்தான் பிழை வரும்.

இனிச் செயலி. தொடக்கத்தில் திரையின் அடியில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, கடும் நீலத்தில் ஒரு பட்டன் இருந்தது. யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. பிறகொரு அப்டேட்டில் நீலம் போய், பெட்டியும் போய், வெறும் எழுத்து மட்டும் மிஞ்சியது. எது அழுத்துவதற்கு, எது வாசிப்பதற்கு என்று தெரியாத இந்தப் பாணி 2013இல் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 7 மென்பொருளோடு பரவியது. அப்பிள் நிறுவனமே அடுத்த வருசம் அமைப்புகளுக்குள் பட்டனுக்கு உருவம் காட்டும் தெரிவு ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தது. சரி, அதைக்கூடப் பழகிவிடலாம். பழக முடியாதது வேறொன்று.

மழை நாளில் சிக்னல் இழுத்துக்கொண்டு நிற்கும். 'செலுத்து' என்பதை அழுத்தினால் திரையில் ஒரு மாற்றமும் இராது. நிறம் மாறாது, சுற்றாது, ஒன்றுமில்லை. முன்னால் நிற்கிற அம்மா, "தம்பி, காசு போட்டுதோ?" என்று கேட்பார். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று எவ்வளவு நேரம் சொல்வது? யாராக இருந்தாலும் இன்னொருதரம் அழுத்தத்தான் செய்வார்கள். செயலி இரண்டு அழுத்தையும் இரண்டு கட்டணமாக எடுத்துக்கொள்ளும். கூடக் கட்டிய காசு அடுத்த பில்லில் கழியும் என்று சொன்னால், ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக் கொண்டுவந்த மனுசிக்கு அது ஆறுதலா?

அழுத்தியதும் 0.1 விநாடிக்குள் ஏதாவது அசைந்தால்தான் உடனே நடந்ததாக மனுசருக்குப் படும் என்று, கணினியைப் பாவிக்க இலகுவாக அமைப்பது பற்றி ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993இலேயே எழுதிவிட்டார். காசு போய்ச் சேர நேரம் எடுக்கட்டும், அது வலைப்பின்னலின் பாடு. 'அழுத்தியது விளங்கிவிட்டது' என்று சொல்ல வலைப்பின்னல் எதற்கு? நல்லவேளை, பின்னால் வந்த அப்டேட்டில் இதைத் திருத்தினார்கள். இப்போது அழுத்தியதும் பட்டன் சாம்பல் நிறமாகி, சுற்றத் தொடங்கி, இரண்டாவது அழுத்தை ஏற்காமல் நிற்கிறது. அதற்குப் பிறகு இரட்டைக் கட்டணம் ஒன்றும் போகவில்லை.

அளவில் குறை சொல்ல முடியாது. தொடும் இடம் 48 டிபி (திரையில் அளக்கிற ஓர் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்று கூகுளின் வழிகாட்டி சொல்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. தமிழில் வைத்தால் மட்டும் எழுத்து 'உறுதிப்ப…' என்று பாதியில் வெட்டுப்படும். முடிவுத் திரையில் 'ரசீது', 'மீண்டும் செலுத்து' இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒட்டினாற்போலப் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று கடதாசி தரும், மற்றது காசைத் தின்னும். இதை யார் வரைந்தாரோ!

தங்கள் போனையே கொண்டுவந்து "இது வேலை செய்யுதில்லை" என்பவர்களும் உண்டு. மீன் விற்கிற அக்காவின் போனில் பழுதே இல்லை. கண்ணாடித் திரை விரலின் மின்தன்மையை உணர்வது; ஈரக்கை பட்டால் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் அதற்கு விரல் எது, தண்ணீர் எது என்று குழம்பிவிடும். வயதானவர்களின் சிக்கல் வேறு. அவர்கள் அழைப்புமணியை அமத்துவதுபோல அழுத்திப் பிடிப்பார்கள். அரை விநாடி அளவு தாண்டினால் அன்ரொயிட் அதை நீண்ட அழுத்தாக எடுத்து வேறொரு மெனுவைத் திறந்துவிடும். அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் போய் அந்த நேரத்தைக் கூட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். கடைக்கு வருகிற ஆச்சிமாருக்கு நான் முதலில் செய்துகொடுப்பது அதுதான்.

போட்டோக்கொப்பி மெசின் பற்றிச் சுருக்கமாக. பழையதில் பெரிய பச்சைப் பட்டன் ஒன்று இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாலும் ஒரே அழுத்தில் எழும்பி, சூடேறி, கொப்பி எடுத்துத் தரும். புதியதில் எல்லாம் தொடுதிரை. முதல் தொடுகை எழுப்ப, இரண்டாவது கொப்பிப் பக்கத்துக்குப் போக, மூன்றாவதுதான் வேலைக்கு. விண்ணப்பப் படிவக் காலத்தில் பொடியள் வாசல்வரை நிற்கும்போது இது எரிச்சல். கடைக்கு மெசின் எடுக்க நினைப்பவர்கள், விற்பவரின் கடையிலேயே அதைக் கொஞ்சநேரம் தூங்கவிட்டு, எத்தனையாவது அழுத்தில் முதல் கொப்பி வருகிறது என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.