பைதான் பயிற்சிப் பாடத்தின் ஒன்பதாம் அத்தியாயம்: கிளாஸ் கற்கத் தொடங்குவோருக்கு எவ்வளவு உதவும்?

பைதான் என்ற நிரல் மொழியின் அதிகாரப்பூர்வப் பயிற்சிப் பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில், தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டும் அச்சான கிளாஸ்களைப் பற்றிய ஒன்பதாம் அத்தியாயத்தைக் கடந்த மூன்று மாதங்களில் நான்கு முறை படித்துவிட்டேன். எங்கள் மளிகைக் கடையின் பற்றுக் கணக்கை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்ற வேண்டும் என்றுதான் பைதான் கற்கத் தொடங்கினேன். லிஸ்ட், லூப், ஃபங்ஷன் வரை தடையின்றி வந்தவன் கிளாஸ் என்ற இடத்தில் நின்றுபோனேன். அதே இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அண்மைப் பதிப்புகளின் முன்னுரை, இப்பாடம் பைதானுக்குப் புதிதாக வரும் நிரலாளர்களுக்கானது, நிரல் எழுதுவதற்கே புதியவர்களுக்கானது அன்று என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அது உண்மை என்று தெரிந்துவிடும். பைதானின் கிளாஸ் முறை சி பிளஸ் பிளஸ், மாடுலா-3 ஆகிய மொழிகளின் முறைகளைக் கலந்தது என்ற விளக்கம் முதலில் வருகிறது. மாடுலா-3ஐ வாசகர்களில் சிலரே கேள்விப்பட்டிருப்பார்கள் என்பதையும் பாடமே ஒப்புக்கொள்கிறது. அடுத்து, ஒரு கிளாஸைக்கூடக் கண்ணில் காட்டாமல், ஒரு பெயர் நிரலின் எந்தப் பகுதியில் செல்லுபடியாகும் என்பதை 9.2ஆம் பகுதி நீண்ட எடுத்துக்காட்டுடன் விளக்குகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் புதியவர் களைத்துப்போவது அங்கேதான். என் பரிந்துரை, 9.2ஐ இப்போதைக்குத் தாண்டி நேராக 9.3க்குச் சென்றுவிடுங்கள் என்பதே.

அங்கே அத்தியாயத்தின் தரமே மாறிவிடுகிறது. மெத்தட்டை, அதாவது கிளாஸுக்குள் வரும் ஃபங்ஷனை, எழுதும்போது செல்ஃப் என்ற சொல்லை ஏன் எழுத வேண்டும், அழைக்கும்போது அதை ஏன் தர வேண்டியதில்லை என்ற குழப்பம் எனக்கு நெடுநாள் இருந்தது. செல்ஃபை மறந்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் எதுவுமே தராமல் மெத்தட்டை அழைத்தால்கூட, ‘ஒன்று தரப்பட்டிருக்கிறது’ என்று பிழைச்செய்தி வரும். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று விழித்திருக்கிறேன். கிளாஸைக் கொண்டு உருவாக்கிய ஓர் ஆப்ஜெக்ட்டின் வழியாக மெத்தட்டை அழைப்பதும், அதே ஃபங்ஷனைக் கிளாஸின் வழியாக அழைத்து அந்த ஆப்ஜெக்ட்டை முதல் மதிப்பாகக் கையில் கொடுப்பதும் ஒன்றே என்று இப்பாடம் ஒரே வரியில் சொல்லித் தீர்த்துவிடுகிறது. செல்ஃப் என்பது வெறும் வழக்கு, மொழி அதற்குத் தனிப்பொருள் எதையும் வைக்கவில்லை என்பதையும் பின்னர்ச் சொல்கிறது. நான் முன்பு கட்டணம் செலுத்திச் சேர்ந்த ஒரு மாலை வகுப்பில் என்கேப்சுலேஷன், பாலிமார்ஃபிஸம் என்று நான்கு வரையறைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்களே தவிர, இந்த ஒரு வரியை யாரும் சொல்லவில்லை.

அத்தியாயத்தின் மாணிக்கம் என்று நான் கருதுவது 9.3.5ஆம் பகுதி. நாய்களுக்கான ஒரு கிளாஸில், வித்தைகளின் பட்டியலைக் கிளாஸின் உடலிலேயே எழுதிவிட்டால், ஒரு நாய்க்குக் கற்றுக்கொடுத்த வித்தை மற்ற நாய்க்கும் தெரிந்ததாகிவிடும் என்று அது காட்டுகிறது. அந்தப் பிழையை நான் என் கடைக் கணக்கில் அப்படியே செய்திருந்தேன். வாடிக்கையாளர் என்ற கிளாஸுக்குள், ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தட்டுக்கு வெளியே, மொத்தத்துக்குப் பூஜ்யத்தையும் பற்றுக்கு வெற்று லிஸ்ட்டையும் எழுதியிருந்தேன். கோடி வீட்டு அம்மா வாங்கிய ஐந்து கிலோ அரிசி, எதிர்வீட்டு ஆசிரியரின் பற்றிலும் வந்து நின்றது. ஆனால் இருவரின் மொத்தத் தொகையும் சரியாகவே இருந்ததால், பிழை எங்கே என்று இரண்டு இரவுகள் தேடினேன்.

காரணம் இதுதான். செல்ஃப் வழியாக மொத்தத்தைக் கூட்டும்போது, விடை ஒரு புது மதிப்பாக அந்த ஆப்ஜெக்ட்டிலேயே எழுதப்படுகிறது. லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்யும்போதோ, அதாவது அதன் கடைசியில் ஒன்றைச் சேர்க்கும்போதோ, எதுவும் புதிதாக எழுதப்படுவதில்லை, கிளாஸில் ஏற்கெனவே உள்ள ஒரே லிஸ்ட்தான் வளர்கிறது. பாடத்தைப் படித்தபின், நிரல் ஓடுவதைப் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்து காட்டும், பிலிப் குவோ உருவாக்கிய பைதான் டியூட்டர் என்ற இலவசத் தளத்தில் என் நிரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு வாடிக்கையாளர் பெட்டிகளிலும் மொத்தம் தனித்தனியே இருந்தது. பற்று என்ற பெயரோ எந்தப் பெட்டியிலும் இல்லாமல், கிளாஸின் பெட்டியில் மட்டும் இருந்தது. இந்த அத்தியாயத்தை அத்தளத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். பாடத்தில் ஒரு படம்கூட இல்லை என்பது பெருங்குறை. பெயரும் அது சுட்டும் ஆப்ஜெக்ட்டும் வேறு என்பதை அம்புக்குறி காட்டுவதைப் போல உரைநடை காட்டாது.

ஒரு கிளாஸ் இன்னொன்றின் வசதிகளைப் பெற்றுக்கொள்ளும் இன்ஹெரிட்டன்ஸ் பற்றிய 9.5ஆம் பகுதி என்னை ஏமாற்றியது. தாய்க் கிளாஸ், சேய்க் கிளாஸ் என்று வெற்றுப் பெயர்களையும் இடம்நிரப்பிகளையும் வைத்தே விளக்குகிறார்கள். ஓட்டிப் பார்க்க ஒரு முழு எடுத்துக்காட்டு இல்லை. தாய்க் கிளாஸின் மெத்தட்டை அழைக்க அன்றாடம் தேவைப்படும் சூப்பர் என்ற வசதி, பல தாய்க் கிளாஸ்களைக் கொண்ட அரிய சூழலைப் பேசும்போதுதான் வருகிறது. இந்தப் பகுதிக்கு வேறு பாடத்தைத் தேடிக்கொள்வது நல்லது.

9.7இல், இனிட் மெத்தட்டைத் தானே எழுதித்தரும் டேட்டாகிளாஸ் மிகச் சுருக்கமாக அறிமுகமாகிறது. 2018இல் வெளிவந்த பைதான் 3.7 முதல் உள்ள இவ்வசதியைக் கொண்டு என் வாடிக்கையாளர் கிளாஸைத் திருத்தி எழுதியபோது, பற்றுக்கு முன்போலவே வெற்று லிஸ்ட்டைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்தேன். பைதான் அதை ஏற்க மறுத்துப் பிழை காட்டியது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் புது லிஸ்ட் செய்துதரும் டிஃபால்ட் ஃபேக்டரியைப் பயன்படுத்தச் சொன்னது. நாய் எடுத்துக்காட்டில் அவ்வளவு அக்கறையாக எச்சரித்த பாடம், அதே பிழையை இங்கே மொழியே தடுத்துவிடுகிறது என்பதை ஒரு வரியில் சேர்த்திருக்கலாம். ஆசிரியரின் பற்றில் இப்போது அவர் வாங்கிய பருப்பும் எண்ணெயும் மட்டுமே இருக்கின்றன.