ஆர்ட்டிகிள் 3 வகுப்பு: தாராளமாகச் சேரலாம், நோட்ஸை மட்டும் திருத்துங்கள்

குரூப் 1-க்கு மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். அரசியலமைப்புக்கென்று இந்த மையம் நடத்தும் ஞாயிறு வகுப்பில் 600 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நான்கு வாரத்தில் மனதில் நின்றது, ஒரு மாநிலத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று சொல்லும் அரசியலமைப்பின் ஆர்ட்டிகிள் 3-ஐ நடத்திய அந்த ஒரு வகுப்புதான்.

சார் கரும்பலகையில் ஒருங்கிணைந்த ஆந்திராவை வரைந்தார். "நீங்கதான் சட்டமன்றம். பிரிக்கலாமா?" என்று எங்களைக் கேட்டார். வேண்டாம் என்று எல்லோரும் கை தூக்கினோம். "சரி, கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, சிவப்பு சாக்பீஸால் தெலங்கானாவைத் தனியாகப் பிரித்துக் கோடு போட்டார். வகுப்பில் சத்தமே இல்லை. நிஜத்தில் நடந்ததும் அதுதான். 2014 ஜனவரி 30-ல் ஆந்திர சட்டமன்றம் குரல் வாக்கெடுப்பில் மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2-ல் தெலங்கானா பிறந்தது.

ஆர்ட்டிகிள் 3-ன்படி, குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் இப்படியொரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வர முடியாது. அவர் அதைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி, கெடு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆர்ட்டிகிள் 4 இதை அரசியலமைப்புத் திருத்தமாகக் கருதாததால் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

மறுபக்கத்தையும் சொன்னார். 2011 நவம்பரில் உத்தரப் பிரதேச சட்டமன்றம், மாநிலத்தை நான்காகப் பிரிக்கச் சொல்லித் தானே தீர்மானம் போட்டது. இன்றுவரை அது ஒரே மாநிலம்தான். வேண்டாம் என்றாலும் பிரியலாம், வேண்டும் என்றாலும் பிரியாமல் போகலாம். கோடிக்கணக்கானவர்களின் எல்லையை மாற்றும்போது அவர்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு இவ்வளவுதான் இடமா என்று எனக்கு மனசு ஆறவில்லை. "தடுக்கிற அதிகாரம் இருந்திருந்தா தெலங்கானாவே வந்திருக்காதே அக்கா" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

குறை ஒன்று உண்டு. அச்சடித்த நோட்ஸில் "சட்டமன்ற ஒப்புதல் கட்டாயம்" என்று இருக்கிறது. அதை நம்பி மாதிரித் தேர்வில் தப்பாகக் குறித்தேன். சாரிடம் காட்டியதும் "ஒப்புதல்" என்பதைப் பேனாவால் அடித்து "கருத்து" என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் அடுத்த பேட்ச்சுக்கும் அதே நோட்ஸைத்தான் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். சேரப் போகிறவர்கள் 14-ம் பக்கத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள்.