சர்வரில் ஓடுவது எந்த ரிலீஸ்? ஏற்காடு விடுதி பில்லிங்கில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்தில் டெப்லாய் (மென்பொருளின் புதிய ரிலீஸை, அதாவது பதிப்பை, சர்வரில் ஏற்றுவது) முடித்து "ஏத்தியாச்சுங்க" என்று போன் போட்ட பிறகும், இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஏற்காட்டு விடுதியில் பழைய கணக்கிலேயே பில் அச்சாகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 6,000 ரூபாய் அறைக்குப் பழைய ரிலீஸ் 6,720 போடும், புதியது 6,300. 420 ரூபாயைக் கூடுதலாக வாங்கிவிட்டு விருந்தினரைத் தேடிப் போக முடியாது. எது ஓடுகிறது என்று உறுதிசெய்வதும் டெப்லாயில் பாதி வேலைதான்.

டிஸ்க்கில் கிடப்பது வேறு, நினைவகத்தில் ஓடுவது வேறு. இதை மறப்பதால்தான் பெரும்பாலான குழப்பம். சர்வரில் நுழைந்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் 'கிட் ரெவ்-பார்ஸ் ஹெட்' கொடுத்தால் வரும் கமிட் எண் (ஒவ்வொரு பதிவின் அடையாளம்), கோப்புறையில் என்ன இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். 'கிட் புல்' கொடுத்துப் புதியதை இறக்கி, ரீஸ்டார்ட் செய்ய மறந்திருந்தால், நோட் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) பிராசஸ் பழைய கோடையே (நிரலையே) ஓட்டிக்கொண்டிருக்கும். கிட்டோ புதிய எண்ணைக் காட்டும்.

அதனால் நீண்ட நாள் கைகொடுப்பது, ஓடும் மென்பொருளே தன்னைப் பற்றிப் பதில் சொல்லும் ஒரு வெர்ஷன் பக்கம். கமிட் எண், பில்ட் ஆன (ஓடும் வடிவமாகத் தொகுத்த) நேரம், பிராசஸ் தொடங்கிய நேரம், சர்வரின் பெயர் ஆகிய நான்கும் அதில் போதும். பலரும் தவறுவது ஓரிடத்தில்: பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் கிட் கமாண்டை ஓட்டி எண்ணை எடுக்கிறார்கள். அது மறுபடியும் டிஸ்க்கைத்தான் படிக்கிறது. பில்ட் செய்யும்போதே எண்ணைக் கோடுக்குள் மாறிலியாகப் பதித்துவிட வேண்டும். பதிக்கும் எண்ணை 'கிட் டிஸ்கிரைப்' கமாண்டில் 'டர்ட்டி' ஆப்ஷன் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது. கமிட் செய்யாமல் கையால் திருத்திய கோப்பு இருந்தால் எண்ணின் வாலில் 'டர்ட்டி' என்று ஒட்டி வரும்.

மென்பொருள் பிஎச்பி மொழியில் என்றால் ஓப்கேஷை (தொகுத்த கோடை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதி) பாருங்கள். 'வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ்' என்ற அமைப்பு பூஜ்யமாக இருந்தால் கோப்பு மாறியதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. எஃப்பிஎம்-ஐ (சர்வரில் பிஎச்பியை ஓட்டும் பிராசஸ் மேலாளர்) ரீலோட் செய்தே ஆக வேண்டும். 'கரன்ட்' என்ற சிம்லிங்க்கை (வேறு கோப்புறையைச் சுட்டும் இணைப்பு) புதிய கோப்புறைக்கு மாற்றும் முறையில், ரியல்பாத் கேஷ் (கோப்புப் பாதைகளை நினைவில் வைப்பது) இயல்பாக 120 விநாடி பழைய பாதையையே பிடித்திருக்கும். கமாண்ட் லைனில் பிஎச்பியை ஓட்டிச் சோதிப்பது இங்கே வீண். அது வேறு பிராசஸ், எஃப்பிஎம்-இன் கேஷை அது தொடவே தொடாது.

டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) 'லேட்டஸ்ட்' டேக் எதையும் நிரூபிக்காது. புதிய இமேஜை (கன்டெய்னருக்கான அச்சு) இறக்கிவிட்டு ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்தால் கன்டெய்னர் பழைய இமேஜோடுதான் எழும். 'கம்போஸ் அப்' கொடுத்துக் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கி, 'இன்ஸ்பெக்ட்' காட்டும் ஷா256 எண்ணை (இமேஜின் அடையாளம்) இறக்கிய இமேஜின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

லோட் பேலன்சருக்கு (வேண்டுகோள்களை சர்வர்களுக்குப் பிரித்தனுப்புவது) பின்னால் இரண்டு சர்வர் இருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. பக்கத்தைக் கமாண்ட் லைனிலிருந்து கேட்கும் 'கர்ல்' கமாண்டின் 'ரிசால்வ்' ஆப்ஷனில் ஒவ்வொரு சர்வரின் ஐபியையும் நேராகக் கொடுத்துக் கேளுங்கள். வெர்ஷன் பக்கத்துக்கு 'நோ-ஸ்டோர்' ஹெட்டர் (பதிலைச் சேமித்துவைக்காதே என்று கூடவே போகும் குறிப்பு) அவசியம். இல்லையென்றால் இடையிலுள்ள கேஷ் பழைய பதிலை நீட்டிவிடும். இந்தப் பக்கத்தை ஊருக்கெல்லாம் திறந்துவைக்க வேண்டாம், அலுவலக ஐபிக்கு மட்டும் போதும்.

மலைமேல்தான் கடைசிச் சிக்கல். சிக்னல் விட்டுவிட்டு வருவதால் ஆஃப்லைனிலும் வேலை செய்ய சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரில் பின்னணியில் ஓடி, பக்கங்களைச் சேமித்துத் தரும் நிரல்) வைத்திருப்போம். புதிய வொர்க்கர் இறங்கினாலும், பழையதன் டேப் எல்லாம் மூடும்வரை இயல்பாகக் காத்துக்கொண்டிருக்கும். ரிசப்ஷன் கணினியில் அந்த டேபை வாரக்கணக்கில் மூடுவதில்லை. சர்வர் புதிது, திரை பழையது. இதற்குச் சரியான மருந்து, திரையின் அடியிலும் பில்லின் அடியிலும் முன்பக்கக் கோடின் (பிரவுசரில் ஓடும் பகுதியின்) கமிட் எண்ணை ஏழு எழுத்தில் அச்சிடுவது. அதே எண்ணை ஒவ்வொரு வேண்டுகோளின் ஹெட்டரிலும் அனுப்பினால், எந்த மேசை பின்தங்கியிருக்கிறது என்று சேலத்திலிருந்தே சர்வரின் லாகில் (பதிவேட்டில்) தெரிந்துவிடும். "உங்க பில்லுக்கு அடியில என்ன எழுத்துங்க இருக்கு?" என்று போனில் கேட்டாலும் வேலை முடியும்.

எண்கள் எல்லாம் பொருந்தியும் பில் தவறினால் நேரத்தைப் பாருங்கள். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் நம் நள்ளிரவு அதற்கு முந்தைய நாள் மாலை 18:30. தேதியை யுடிசியில் ஒப்பிடும் கோடு, செப்டம்பர் 22ஆம் தேதி விடியற்காலை 5:30 வரை 12 சதவீதமே போடும். அப்போது டெப்லாயைத் திரும்பத் திரும்பச் செய்து பயனில்லை. திருத்த வேண்டியது தேதி ஒப்பீடு. ரிலீஸ் ஏற்றியதும் 6,000 ரூபாய்க்கு ஒரு சோதனை பில் போட்டு, தொகை, அடியிலுள்ள எண் இரண்டையும் பாருங்கள். ரோல்பேக் செய்தாலும் (பழைய ரிலீஸுக்குத் திரும்பினாலும்) இதே சோதனைதான்.