கணவாய் ஆட்டத்தில் கிழிந்த தாள்கள்: ஸ்பிளட்டூன் 3

கோபிசெட்டிபாளையத்தில் 19 வருடம் வாடகை நூல்நிலையம் வைத்திருந்தவன் நான். சோறு போட்டது மாத நாவல்கள்தான். கோவைக்காரர் ராஜேஷ்குமாருக்கு மட்டும் தனி அலமாரி. 1500 நாவலுக்கு மேல் எழுதியவருக்கு அதுவும் பற்றவில்லை. இப்போது வீடியோ கேமைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது பேரன் செய்த வேலை. கோடை லீவுக்குத் திருப்பூரிலிருந்து நின்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் பெட்டியோடு வந்து இறங்கினான்.

ஆட்டத்தின் பெயர் ஸ்பிளட்டூன் 3. 2022 செப்டம்பரில் வந்தது. நாம்தான் கணவாய் மீன்; வேண்டும்போது பிள்ளை உருவம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு நாலு பேர், 3 நிமிடம், துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் மை. எத்தனை பேரைச் சுட்டோம் என்பது கணக்கில்லை, தரையில் யார் மை அதிகம் என்பதுதான் கணக்கு. முடிந்ததும் ஒரு குண்டுப் பூனை கொடி தூக்கித் தீர்ப்புச் சொல்கிறது. அந்த நேரத்தில் திரையைப் பார்த்தால் சாயப்பட்டறையில் பீப்பாய் உருண்ட மாதிரி இருக்கும்.

நம் மைக்குள் முங்கினால் வேகமாக நீந்தலாம், சுவர் ஏறலாம், தீர்ந்த மையும் நிரம்பிவிடும். ஆனால் தண்ணீர் ஆகாது. முதல் நாள் முழுக்க நான் தண்ணீரில்தான் விழுந்துகொண்டிருந்தேன். “அப்புச்சி, மறுபடியும் போய்ட்டீங்க” என்று அவன் சிரித்த சிரிப்பில் என் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குப் பதில் அரைக் கிலோ கணவாய் வாங்கி வந்தேன். தலையைப் பிடித்து இழுத்தால் குடலோடு வெள்ளியாய் மினுக்கும் மைப்பை வந்தது. அவன் விரல் பட்டு அது உடைந்து, தொட்டியெல்லாம் கறுப்பு. உடம்புக்குள்ளிருந்து கண்ணாடித்தாளில் வெட்டிய ஈர்க்கு மாதிரி ஒன்றை உருவிக் காட்டினேன். பத்துக் கை, அதில் இரண்டு மட்டும் நீளம். மூன்று இதயம், நீல ரத்தம் என்று சொன்னதை மட்டும் அவன் நம்பவில்லை. நிஜக் கணவாய் மையைக் கக்கிவிட்டுத் தப்பி ஓடும். ஆட்டத்திலும் பாதி வித்தை மைக்குள் ஒளிவதுதான். செய்தவர்கள் கணவாயை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது சண்டை அல்ல, தனியாக ஆடும் கதைப்பகுதி. மனிதர்கள் அழிந்து 12,000 வருடம் ஆகிவிட்ட உலகம் அது. அவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஆல்டர்னா என்ற பாதாள இடத்தில் மயிர் முளைத்த கூழ் ஒன்று வழியெல்லாம் அடைத்துக் கிடக்கிறது. அதை விலக்கி, மூலைமுடுக்கில் கிடக்கும் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். தாள் தாளாகப் பிரிந்துபோன நாவலை வரிசைப்படுத்தித் தைத்தவனுக்கு இந்த வேலை புதிதில்லை. பேரனோ தாள் கிடைத்ததும் பட்டனை அமுக்கி மூடிவிடுவான். படித்துச் சொன்னால்தான் அடுத்த ஆட்டம் என்று சட்டம் போட்டேன். எழுத்து பொடி, தமிழும் கிடையாது. அவன் வாசிக்க, நான் அர்த்தம் சொல்ல, ராத்திரி பதினொன்றாகிவிடும்.

குறை சொல்வதென்றால் பெட்டியைச் சொல்லவேண்டும். மருமகன் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். ஆளை நகர்த்தும் இடதுகைக் குச்சியைத் தொடாமலே கணவாய் ஓரமாக நகர்ந்து போகிறது. விற்ற கடையில் கேட்டதற்கு, “ஆடறதுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க” என்றார்களாம். வாங்குகிறவர்கள் குச்சியைப் பத்து நிமிடமாவது ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். ஊர் பேர் தெரியாதவர்களோடு இணையத்தில் மோதத் தனியாகச் சந்தா கட்டவேண்டும். கதைப்பகுதிக்கு அது தேவையில்லை.

கதை எப்படி முடிகிறது என்று சொல்லமாட்டேன். என் கடையில் சில புண்ணியவான்கள் நாவலின் முதல் பக்கத்திலேயே ‘கொலைகாரன் டாக்டர்தான்’ என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தருவார்கள். ரப்பரால் அழித்து அழித்தே என் விரல் தேய்ந்தது. அதைப் பேரனிடம் சொல்லியும் இருந்தேன்.

லீவு முடிந்து பெட்டியோடு அவன் திருப்பூர் போய்விட்டான். இன்னும் மூன்று தாள் பாக்கி. நேற்று போனில், “நீ மட்டுமாவது தேடி எடுத்துச் சொல்லு கண்ணு” என்றேன். “காலாண்டு லீவுக்கு வர்றேன் அப்புச்சி. அதுவரைக்கும் யார்கிட்டயும் முடிவைக் கேட்டுராதீங்க” என்று வைத்துவிட்டான்.