சீஸ் ஆன புல்லட்டும் புதுப்பேட்டைப் பட்டறையும்

இந்த முறை சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு இங்கிலாந்திலிருந்து சென்னை வந்தபோது, பெட்டியில் பட்டுப்புடவைக்கும் சாக்லேட்டுக்கும் இடம் போக மீதி முழுக்க இரும்புதான். ஒரு புல்லட்டின் சிலிண்டர் பேரல் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்), பிஸ்டன், கிராங்க் (அந்த அசைவைச் சுழற்சியாக்கும் பாகம்), டைமிங் கவர் (எஞ்சினின் பக்கவாட்டு மூடி). எஞ்சின் சீஸ் ஆகியிருந்தது, அதாவது பிஸ்டன் பேரலுக்குள் இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய அலைந்ததில் எந்த வேலை சென்னையில் நன்றாக நடக்கிறது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். இதே மாதிரி பழைய வண்டிச் சாமானோடு ஊருக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டி. 350 சிசி, வார்ப்பிரும்புப் பேரல், திருவொற்றியூரில் செய்தது. என்ஃபீல்ட் இந்தியா (ராயல் என்ஃபீல்டின் அன்றைய பெயர்) 1977-இல் பிரிட்டனுக்கு புல்லட்டுகளை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. அதற்குச் சில வருடம் கழித்துக் கப்பலேறிய வண்டி இது. எனக்கு முன் வைத்திருந்தவர் இதை டிரயல்ஸ் வண்டியாக மாற்றியிருந்தார். சின்ன டேங்க், தூக்கி வைத்த சைலன்சர், முன்னால் 21 அங்குலச் சக்கரம், கியர்பாக்ஸில் சின்ன ஸ்பிராக்கெட். டிரயல்ஸ் என்பது வேகப் பந்தயம் இல்லை. பாறை, சேறு, ஓடைக்கரை வழியாகக் காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, மூன்று முறையோ அதற்கு மேலோ என்றால் 3, நின்றுவிட்டால் 5. குறைந்த புள்ளி வாங்குகிறவர் ஜெயிப்பார்.

புல்லட்டை இப்படி ஓட்டுவதா என்று உறவினர்கள் கேட்டார்கள். உண்மையில் புல்லட் தன்னைக் காட்டிக்கொண்டதே இந்த விளையாட்டில்தான். பின்சக்கரம் மேலும் கீழும் அசைய விடும் ஸ்விங் ஆர்மோடு அதன் முன்மாதிரி வண்டி முதலில் களமிறங்கியது 1948-இல் நடந்த கோல்மோர் கோப்பை டிரயலில். ஜானி பிரிட்டன் என்ற வீரர் 350 புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரயலை 1952-லும் 1957-லும் ஜெயித்தார். அந்த வண்டியின் நினைவாகத்தான் 2019-இல் ராயல் என்ஃபீல்டு ‘புல்லட் டிரயல்ஸ்’ என்று ஒரு மாடலை வெளியிட்டது. எனக்கு இந்த வரலாற்றின் மேல் தனிப் பாசம் உண்டு, அதனால்தான் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை.

சீஸ் ஆனது டெர்பிஷயரில், ஒரு நீண்ட கல் ஏற்றத்தில். முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் மெல்லக் கனத்தது, பிறகு ஒரு கீச்சொலி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ஆறிய பிறகு கிக்கர் இறங்கியது. ஆனால் பேரலைக் கழற்றிப் பார்த்தால் உள்சுவரில் நெடுக்காகக் கோடுகள், பிஸ்டனில் அலுமினியம் இழுபட்ட தடம். இங்கிலாந்திலும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் வரிசை நீளம். அதோடு பழைய புல்லட்டின் பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ் என்கிற வெறும் உலோக வளையம்தான். அதைத் தினமும் கையில் எடுக்கிறவர்கள் இருக்கும் ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோவதுதானே முறை?

விமானத்தில் கொண்டுவருவது பற்றி ஒன்று. பெட்ரோல் வாடையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் எஞ்சின் சாமானை ஏற்ற மாட்டார்கள். எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, துருப்பிடிக்காமல் இருக்க உலர்ந்த காகிதத்தில் சுற்றினேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வண்டியின் படத்தையும் கழற்றிய எஞ்சினின் படத்தையும் காட்டினேன். பழைய சாமான் என்று பார்த்ததும் தெரிந்தது, அனுப்பிவிட்டார்கள்.

பேரலின் உள்துளையைக் கடைந்து பெரிதாக்குவதுதான் போரிங். நான் முதலில் போன போரிங் கடை வேலைக்கு ஆகவில்லை. பேரலை வாங்கி உள்ளே ஒரு விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “வச்சிட்டுப் போங்க சார், சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க” என்றார்கள். எந்த அளவுக்குக் கடையப் போகிறார்கள், எந்த பிஸ்டன், ஏன் சீஸ் ஆனது, ஒரு கேள்வியும் இல்லை. பிஸ்டனை நான் எடுத்து நீட்டியும் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. பேரலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைந்த இரும்பை யாரும் திரும்ப ஒட்ட முடியாது. அளக்காத கடையில் பேரலைக் கொடுக்காதீர்கள், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

அப்புறம் பெரியப்பா சொல்லித்தான் புதுப்பேட்டைப் பக்கம் போனேன். கூவம் ஓரமாக, பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் தெருக்களுக்கு நடுவே ஒரு லேத் பட்டறை. பெயர்ப்பலகை மங்கிப்போயிருந்தது. மேஸ்திரிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பேரலைத் தொடவே இல்லை. “பிஸ்டனைக் குடு தம்பி” என்று வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்கு (pin) இரு பக்கமும் நாலு மூலையில் உரசியிருந்தால், சூட்டில் பிஸ்டன் பெருத்து இடைவெளி போதாமல் போனது. முன்முகமும் பின்முகமும் பரவலாக உரசியிருந்தால் எண்ணெய் வரவில்லை. என்னுடையது இரண்டாவது வகை. கிராங்கை எடுத்துப் பார்த்தார். பிக் எண்ட் பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. “டைமிங் கவர் கொண்டாந்திருக்கியா?” பெரியப்பா முன்பே போனில் சொல்லியிருந்ததால் அதுவும் பெட்டியில் இருந்தது.

புல்லட்டில் எண்ணெய் பம்பிலிருந்து டைமிங் கவர் வழியாக வந்து, கிராங்க் முனையில் உள்ள துளைக்குள் நுழைந்து பிக் எண்டுக்குப் போகும். அங்கிருந்து சுழற்சியில் சிதறும் எண்ணெய்தான் சிலிண்டர் சுவரை நனைக்கிறது. கவரும் கிராங்கும் சேரும் இடத்தில் அடைப்பாக இருப்பது ஒரு சின்னக் கார்க் வாஷர். மேஸ்திரி அதை ஒரு கொக்கியால் நோண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பழைய செருப்பு வார் மாதிரி இறுகித் தட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. “எண்ணெய் கிராங்குக்குள்ள போகாம இந்தப் பக்கமே வழிஞ்சிருக்கு. இதை மாத்தாம பேரலை மட்டும் கடைஞ்சா அடுத்த மலையில திரும்பவும் நிப்ப” என்றார். பேரலைக் கடையச் சென்னையில் நூறு பேர் கிடைப்பார்கள். காரணத்தைத் தேடுகிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். நான் இந்தப் பயணத்தில் கொடுத்த பணத்தில் பெரும் மதிப்பு அந்தக் கேள்விக்குத்தான்.

பிறகுதான் அளந்தார். உள்துளையை அளக்கும் போர் கேஜை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்துச் சாக்பீஸால் மேஜையிலேயே எழுதினார். புல்லட் 350-இன் அசல் துளை 70 மில்லிமீட்டர். என்னுடையது முன்பே ஒரு தடவை அரை மில்லிமீட்டர் கூட்டப்பட்டிருந்தது. கீறல் ஆழத்தைப் பார்த்து அடுத்த ஓவர்சைஸுக்கு, அதாவது இன்னும் பெரிய பிஸ்டனுக்கு, போக வேண்டும் என்றார். பிஸ்டனை வாங்கி வந்த பிறகுதான் போரிங். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பாமல், கையில் இருக்கும் பிஸ்டனின் பாவாடைப் பகுதியை (அடிப்பக்கச் சுவரை) மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு மேல் இடைவெளி விட்டுக் கடைவார்.

பிஸ்டனுக்கு மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே கிடைக்காத புல்லட் சாமான் குறைவு. ஆனால் ஒரே பிஸ்டன் இரண்டு மூன்று தரத்தில் இருக்கும், கடைக்காரரே “கம்பெனி ஐட்டமா, லோக்கலா?” என்று கேட்டுவிடுகிறார். பிஸ்டனைச் சுற்றிப் போடும் ரிங்கை மட்டுமாவது நல்லதாக வாங்குங்கள். எல்லாக் கடையிலும் க்யூஆர் அட்டைதான். வெளிநாட்டு கார்டை நீட்டினால் பல கடைகளில் மெஷினே இல்லை. அக்கா மகன் கூட வந்ததால் அவன் போனில் கட்டிவிட்டு அவனுக்குப் பணமாகக் கொடுத்தேன்.

கிராங்க் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். பழைய புஷ்ஷை எடுத்துப் புதிதைப் போட்டு, இரண்டு ஃப்ளைவீலையும் மறுபடி சேர்த்து, இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டு மெதுவாகச் சுற்றினார் மேஸ்திரி. டயல் கேஜ் முள் ஆடியது. சாக்பீஸால் ஒரு கோடு, கிராங்கைக் கையில் எடுத்து அந்த இடத்தில் செம்புச் சுத்தியலால் ஒரே தட்டு, திரும்ப மாட்டிச் சுற்று. முள் கொஞ்சம் அடங்கியது. மறுபடி கோடு, மறுபடி தட்டு. அவசரமே இல்லை. கடைசியில் முள் அசைகிறதா இல்லையா என்று நான் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

போரிங்கும், கடைந்த சுவரைக் கல்லால் தேய்த்துப் பதப்படுத்தும் ஹோனிங்கும் முடிந்ததும் பையன் பேரலைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தான். மேஸ்திரி ஒரு வெள்ளை வேட்டித் துண்டை உள்ளே விட்டு இழுத்தார். சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது. திருப்பிக் கழுவச் சொன்னார். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை விடவில்லை. ஹோனிங் தூள் உள்ளே தங்கினால் புது ரிங்கை அதுவே தின்றுவிடும். பிறகு ரிங்கை மட்டும் பேரலுக்குள் இறக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் எனக்குக் காட்டினார்.

பேரல் வேலைக்கு ஆயிரம் ரூபாய்க்குள், கிராங்குக்கு மூவாயிரத்துச் சொச்சம். கூட ஒரு கைப்பிடிக் கார்க் வாஷர்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, அதற்குக் காசு வாங்கவில்லை. ரசீது கேட்டால் கையால் எழுதித் தருவார்கள். திரும்பும்போது சுங்கத்தில் காட்ட அது போதுமானதாக இருந்தது. கிராங்குக்குத் தனியாக ஒரு மரப்பெட்டி அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டால், சரிசெய்த நேர்த்தி விமான நிலையத்தில் ஒரே வீச்சில் போய்விடும். எனக்கு அதைப் பட்டறைக்கு எதிர்வரிசையில் இருந்த தச்சரே அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தார்.

கல்யாண நாட்களை ஒட்டி இந்த வேலையை வைக்காதீர்கள். வந்திறங்கியதும் கொடுத்துவிட வேண்டும். பட்டறையில் கரண்ட் போகும், பையன் லீவு போடுவான், ஞாயிறு மூடியிருக்கும். அவசரப்படுத்தினால் நல்ல மேஸ்திரி வேலையை எடுக்கவே மாட்டார்.

மேஸ்திரி சொன்னபடிதான் டெர்பிஷயரில் எஞ்சினைப் பூட்டினேன். கவரை மூடும் முன் சிரிஞ்சால் கிராங்க் துளைக்குள் எண்ணெய் ஏற்றி, கார்க் சற்று வெளியே நின்று கவரை இறுக்கும்போது நசுங்குகிறதா என்று பார்த்து, பிளக்கைக் கழற்றிவிட்டு எண்ணெய் சுற்றும் வரை கிக்கரை மிதித்தேன். இப்போது ஓடுகிறது. முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஏற்றமே கூடாது என்பது அவர் உத்தரவு, அதனால் சமவெளிச் சாலைகளில் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பயணத்தில் சிலிண்டர் ஹெட்டைக் கொண்டுபோக வேண்டும், வால்வ் கைடுகள் தேய்ந்திருக்கின்றன.