நானோகுழாய் கலந்த துத்தநாக எபாக்சி பிரைமர்: காசுக்குத் தகுமா?

இரும்பில் முதல் பூச்சாக அடிக்கும் வழக்கமான துத்தநாக பிரைமரில் காய்ந்த படலத்தின் எடையில் 80 சதவீதமாவது துத்தநாகத் தூள் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 12944 (இரும்பை அரிப்பிலிருந்து காக்கும் பூச்சுகளுக்கான சர்வதேசத் தரநிலை). துகள்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் பாய்ந்தால்தான் இரும்புக்குப் பதில் துத்தநாகம் அரிபடும். ஆனால் அவ்வளவு தூள் போட்டால் துகள்களைப் பிடித்துவைக்கும் எபாக்சி பிசினுக்கு இடமில்லை; படலம் எளிதில் உதிரும். கார்பன் நானோகுழாய் (மிக நுண்ணிய கார்பன் குழல்) துத்தநாகத் துகள்களுக்கு இடையே கம்பி போல நின்று மின்சாரத்தைக் கடத்துவதால், துத்தநாகத்தைக் குறைத்துப் பிசினைக் கூட்டலாம். இந்த ரகத்தின் உண்மையான லாபம் இதுதான்.

தரம் குழாயின் மேற்பரப்பில் இருக்கிறது. பதப்படுத்தாத குழாய்கள் கட்டிகட்டியாகத் திரளும். கந்தக, நைட்ரிக் அமிலக் கலவையில் பதப்படுத்தினால் கார்பாக்சில் தொகுதிகள் (அமில வகை அணுக்கூட்டம்) ஏறி, குழாய்கள் திரளாமல் பிரியும். அமீன் (நைட்ரஜன் உள்ள அணுக்கூட்டம்) ஏற்றினால் எபாக்சியோடே பிணையும். அமிலத்தில் அதிகம் ஊறினால் குழாய் வெட்டுப்பட்டு மின்கடத்தல் விழுந்துவிடும். எந்த முறை என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். ஹெக்மன் அளவியில் (பெயிண்டில் துகள்கள் எவ்வளவு நைசாக அரைபட்டுள்ளன என்று காட்டும் பள்ளமிட்ட தகடு) பெயிண்டை இழுத்துப் பார்த்துக் கரும்புள்ளிக் கோடுகள் தெரிந்தால் டின்னைத் திருப்பிக் கொடுங்கள்.

துத்தநாகமே இல்லாமல் நானோகுழாய் மட்டும் உள்ள பிரைமரை வெறும் இரும்பில் அடிக்காதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் கார்பன் கேத்தோடாகி இரும்பை வேகமாக அரிக்க வைக்கும்.

மணல்வீச்சு எஸ்ஏ 2½ தரத்துக்கு (துருவும் பழைய பூச்சும் ஏறக்குறைய முழுதாகப் போன நிலை) குறையக் கூடாது. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கட்டும். அடிக்கும்போது கலக்கியை நிறுத்தினால் துத்தநாகம் அடியில் படியும். காய்ந்த படலத்தைத் தேய்க்கும்போது தூசி முகமூடி கட்டாயம்.