ஜோத்பூர், ஜெய்ப்பூர், உதய்ப்பூர்: ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

ராஜபுத்திர வரலாற்றைப் பார்க்க ராஜஸ்தான் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று ஊர்களுக்கு நடுவே தடுமாறுவார்கள்: கச்வாஹா வம்சத்தின் ஜெய்ப்பூர், சிசோதியா வம்சத்தின் உதய்ப்பூர், ராத்தோர் வம்சத்தின் ஜோத்பூர். மூன்றையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றில் நிதானமாக இருக்கலாம் என்று நாங்கள் இந்த முறை ஜோத்பூரைத் தேர்ந்தெடுத்தோம். மற்ற இரண்டும் முன்பே பார்த்தவை; அதிலும் உதய்ப்பூரைப் போகிற போக்கில்தான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு, கடைவீதி, தங்குமிடம் எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை எங்கே போனாலும் சுகம்.

வயதில் மூத்தது ஜோத்பூர். மண்டோரில் இருந்த தலைநகரை ராவ் ஜோதா 1459இல் இந்தப் பாறைக் குன்றுக்கு மாற்றினார். உதய்ப்பூர் 16ஆம் நூற்றாண்டு. ஜெய்ப்பூர் 1727இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் திட்டம் போட்டுக் கட்டிய நகரம். மூன்று அரசுகளும் ஒரு விவகாரத்தில் நேரடியாகவே சிக்கிக்கொண்டன. உதய்ப்பூர் இளவரசி கிருஷ்ணகுமாரியை யார் மணப்பது என்று ஜெய்ப்பூரின் ஜகத் சிங்கும் ஜோத்பூரின் மான் சிங்கும் போட்டி போட, 1807இல் ஜெய்ப்பூர்ப் படை ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டை விழவில்லை. பீரங்கிக் குண்டுகள் பதித்த தழும்புகளைக் கோட்டை வாயில் ஒன்றில் இன்றும் காட்டுகிறார்கள். அந்தப் பெண்ணை 1810இல், பதினாறு வயதில், விஷம் கொடுத்துக் கொன்றார்கள். அந்த வாயிலில் நிற்கும்போது வெற்றியோடு இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஜோத்பூரை நான் முதலில் வைப்பது பழமைக்காக இல்லை, பராமரிப்புக்காக.

1971இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டபோது எல்லா அரச குடும்பங்களுக்கும் ஒரே கேள்விதான்: இவ்வளவு பெரிய கட்டடங்களை யார் காப்பாற்றுவது? ஜோத்பூரின் கஜ் சிங் 1972இல் மெஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளையைத் தொடங்கி, கோட்டையை அதன் பொறுப்பில் விட்டார். அதன் பலன் உள்ளே நுழைந்ததும் தெரிகிறது. பல்லக்குகள், யானை அம்பாரிகள், தொட்டில்கள், வாள்கள், மார்வார் (ஜோத்பூர் அரசு) சிற்றோவியங்கள் எல்லாம் அந்த அரண்மனை அறைகளிலேயே இருக்கின்றன. சூர் சிங் காலத்து மோதி மஹல், அபய் சிங்கின் பூல் மஹல், 19ஆம் நூற்றாண்டின் தக்கத் விலாஸ் என்று நடக்க நடக்க ஒரு வம்சத்தின் ரசனை எப்படி மாறியது என்பது வரிசையாகப் புரிகிறது. ஒலி வழிகாட்டியும் தெளிவாக இருக்கிறது.

என்னை அதிகம் கவர்ந்தது கோட்டைக்குக் கீழே இருக்கும் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. சுமார் 70 ஹெக்டேர் பாறை நிலம் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. நம் ஊர்க் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதே மரம்தான். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், சுரங்கத்தில் பாறை உடைத்துப் பழகிய கந்தவாலியா சமூகத்தினரைக் கொண்டு, பாறைக்குள் இறங்கிய வேர்களை உளியால் குடைந்து எடுத்தார்கள். அந்தக் குழிகளில் தார்ப் பாலைவனத்துக்கே உரிய செடிகளை நட்டார்கள். சுவரோடு நிறுத்தாமல், சுவர் நிற்கும் குன்றையும் மீட்டிருக்கிறார்கள். பாரம்பரியப் பராமரிப்பு என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஜெய்ப்பூரில் இந்தத் தொடர்ச்சி கிடைக்காது. ஆமேர் கோட்டை, ஹவா மஹல், ஜந்தர் மந்தர் வானாய்வகம் அரசின் கையில். நகர அரண்மனையும் ஜெய்கர் கோட்டையும் அரச குடும்பத்தின் பக்கம். அரசு இடங்களுக்கு ஒரு கூட்டுச் சீட்டு உண்டு, நகர அரண்மனைக்குத் தனிச் சீட்டு. கதையும் அப்படியே துண்டு துண்டாகிவிடுகிறது. உலகப் பாரம்பரியப் பட்டியலை வைத்துப் பார்த்தால் ஜெய்ப்பூர்தான் ஜெயிக்கும்: ஜந்தர் மந்தர் 2010இல், ஆமேர் 2013இல், நகரமே 2019இல் சேர்ந்தது. மெஹ்ரான்கர் அதில் இல்லை. வானியலில் ஆர்வம் உள்ளவர்கள் யோசிக்காமல் ஜெய்ப்பூர் போகலாம். ஜந்தர் மந்தரில் இருக்கும் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரம் ஒன்றே போதும்.

ஜோத்பூரிலும் குறை உண்டு. கோட்டைக்குள் இருக்கும் அக்கறை கீழே நீல வீடுகளின் சந்துகளில் இல்லை. திறந்த சாக்கடையும் தொங்கும் மின்கம்பிகளும் மனத்தை வருத்துகின்றன. மீட்டெடுத்த தூர்ஜி கா ஜால்ரா படிக்கிணறு நல்ல விதிவிலக்கு. உமைத் பவன் பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுக்க 1929இல் தொடங்கிய அரண்மனை. இன்று பெரும்பகுதி ஹோட்டல், நாம் பார்க்கக் கிடைப்பது சிறு பகுதிதான்.

உதய்ப்பூரைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஏரிக்கரை அழகில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் நான் பார்த்த அவசரத்தில் அரண்மனையின் உள்ளடக்கத்தை எடைபோடுவது நியாயமில்லை. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: மெஹ்ரான்கரில் மேலே போக லிஃப்ட் இருக்கிறது, தனிக் கட்டணம். இறங்கும்போது மட்டும் வாயில்கள் வழியாக நடந்து வாருங்கள்.